மாதிரி

கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டிக்
கடைசி டேங்கரும் போன பிறகுதான்
சாலையில் துளை போட எங்களுக்கு அனுமதி.
இரண்டு மணி நேரம், நான்கு ஆரஞ்சுக் கூம்புகள்,
ஒரு போக்குவரத்துக் காவலர்.
அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

தேசிங்கு இயந்திரத்தை இறக்கினார்.
குழாயின் வாயைச் சுற்றி வைரத் துகள் பதித்த பல்.
"ரோட்ல வைரத்தத் தேய்க்கிறோம் மேடம்,
எம் பொண்ணு மூக்குல கண்ணாடிக் கல்லு."
ஒவ்வொரு துளைக்கும் ஒருமுறை சொல்வார்.
இது பதினான்காவது.

தண்ணீர் விட விட
கறுப்புச் சேற்றைக் கக்கிக்கொண்டு தார் வழிவிட்டது.
உருவி எடுத்தோம். முழங்கை நீளம்.
கைவிளக்கில் பட்டை பட்டையாய்:
மேலே நாற்பது மில்லி, போன வருடத்து ஒப்பந்தம்.
அதன்கீழ் ஐம்பது, வேறொருவர் ஒப்பந்தம்.
அடுத்தது கையோடு பெயர்ந்து வந்தது,
மழையில் போட்டிருப்பார்கள்.
பிறகு பழைய தார். அதற்கும் பழைய தார்.
ஜல்லி.
யாரும் எதையும் சுரண்டி எடுக்கவில்லை.
போட்டதன்மேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சத்தம் கேட்டு ஏகவள்ளி வந்தார்,
வீட்டிலிருந்து தெருவுக்கு
ஏறி.

"இன்னா தோண்றீங்க, தண்ணி பைப்பா?"
இல்லைங்க, ஆராய்ச்சி.
"அப்போ தண்ணி வராது."

கூம்பு ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டு
அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.
"நா கண்ணாலம் ஆயி வந்தப்போ மூணு படி ஏறணும்.
அப்பால ரெண்டு. அப்பால ரோடும் வூடும் ஒண்ணாச்சு.
இப்போ ரெண்டு படி கீய எறங்கணும்.
மய வந்துச்சுன்னா கட்டிலு மேல கட்டிலு."

ஐந்து படி. படிக்கு ஆறு அங்குலம் வைத்தால்
எழுபத்தைந்து சென்டிமீட்டர்.
என் அளவுகோலில் நாற்பத்தொன்று.
மிச்சம் முப்பத்துநான்கு எங்கே போனது?
களிமண்ணில் நிற்கிற வீடு
தன் பங்குக்குத் தானும் இறங்கியிருக்கும்.
சொல்லவில்லை. எழுதிக்கொண்டேன்.

துளைக்குள் துரப்பணத்தை விட்டு மண் எடுத்தேன்.
சாம்பல் நிறம். ஓரங்களில் மயில் கழுத்து மினுமினுப்பு.
முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது விதி.
முகராமலே வந்துவிட்டது.

படிவத்தில் ஈரப்பதத்துக்குக் கட்டம் உண்டு,
அடர்த்திக்கு, தாங்குதிறனுக்கு.
வாடைக்கு இல்லை.
'குறிப்பு' என்ற இடத்தில்
'டீசல் மாதிரி வாடை' என்று எழுதினேன்.

மாதிரி. எங்கள் தொழிலுக்கு வசதியான சொல்.
பையில் கட்டி எண் போடுகிற மண்ணும் மாதிரி,
டீசல்தான் என்று எழுதப் பயந்தால்
அப்போதும் மாதிரி.

ஏகவள்ளி குனிந்தார். மூக்கைக்கூடச் சுருக்கவில்லை.
"இதுவா? எங்க போரிங்ல ஒம்போது வர்ஷமா இதான்.
ஒரு ஆபீசரு வந்து பாட்டில்ல புட்சினு போனாரு."
என்ன சொன்னார்?
"பாட்டிலே இன்னும் வர்ல.
எம் பொண்ணு ஸ்கூலுக்கு எட்துனு போற பாட்டிலு அது."

எனக்குத் தரப்பட்ட கேள்வி இதுதான்:
எண்ணெய் ஊறிய களிமண்மேல்
சாலை எத்தனை வருடம் தாங்கும்?
தலைப்பில் மண் இருக்கிறது, சாலை இருக்கிறது,
லாரி அச்சின் எடை இருக்கிறது.
எத்தனை பக்கம் புரட்டினாலும்
அதில் ஒரு போரிங் இல்லை.
நாளை இந்த மண்ணை அடுப்பில் வைப்பேன்.
நூற்றைந்து டிகிரி, ஒரு பகல், ஒரு இரவு.
நீர் போய்விடும்.
மற்றது அத்தனையும் போகாது.

ஒன்றேகாலுக்கு நேரம் முடிந்தது.
தேசிங்கு கலவையைக் கொட்டி, குத்தி, மேலேறி மிதித்தார்.
தட்டளவு புதுக் கறுப்பு.
ஏகவள்ளி செருப்பைக் கழற்றிவிட்டு
பாதத்தால் தடவிப் பார்த்தார்.

"கொஞ்சம் மேடா வுட்டுட்டீங்களே."

உண்மைதான். ஏழு மில்லி இருக்கும்.
"லாரி ஏறுனா அமுங்கிடும்மா" என்றார் தேசிங்கு.
அவர் பதில் சொல்லவில்லை.
கூம்புகளை அடுக்கும்போது
அந்தக் கதவைச் சாத்தும் சத்தம்
சாலைக்குக் கீழேயிருந்து கேட்டது.